வெங்காரம் ஏன் அங்கே கிடைக்கிறது?

பாலைவனப் போரேட் படிவுகள்: அறிவியல், புவியியல், கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தக்கூடிய ஒரு பாடம்

போரான் குடும்பத்தைப் படித்த மேல்நிலை மாணவர் ஒருவர் போராக்ஸின் வாய்பாட்டைப் பிழையின்றி எழுதிவிடுவார். இரண்டு சோடியம், நான்கு போரான், ஏழு ஆக்சிஜன், அவற்றோடு பத்து நீர் மூலக்கூறுகள். அந்தப் பத்து நீர் மூலக்கூறுகள் ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஏரியின் தண்ணீராக இருந்தவை என்பதை அவர் எண்ணிப் பார்த்திருக்க வாய்ப்பு குறைவு. பாலைவனங்களில் உப்பு, ஜிப்சம், போராக்ஸ் போன்ற கனிமங்கள் கிடைக்கும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும். "போராக்ஸ் கலிபோர்னியப் பாலைவனத்தில் கிடைக்கிறது, தார்ப் பாலைவனத்தில் ஏன் கிடைப்பதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள். அங்கே பதில் நின்றுவிடும்.

எந்தக் கனிமம் எந்த நாட்டில் கிடைக்கிறது என்ற பட்டியலை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். தேர்வு முடிந்ததும் பட்டியல் மறந்துபோகிறது. "ஏன் அங்கே?" என்று கேட்கப் பழகிய மாணவருக்குப் பட்டியல் தேவைப்படாது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் இடத்தை அவரே ஊகிப்பார். இந்தப் பயிற்சிக்கு மிகவும் பொருத்தமான கனிமங்களுள் ஒன்று போராக்ஸ். அது உருவாகத் தேவையான நிபந்தனைகள் மிகச் சில. அவை தெளிவானவை, சோதித்துப் பார்க்கக்கூடியவை.

நமக்குத் தெரிந்த பொருள்தான்

போராக்ஸின் தமிழ்ப் பெயர் வெங்காரம். நகை செய்பவர்கள் பொன்னைப் பற்றவைக்கும்போது வெங்காரத்தைத் தடவிச் சூடாக்குவார்கள். உருகிய வெங்காரம் உலோகத்தின் மேல் படிந்துள்ள ஆக்சைடைக் கரைத்துவிடுவதால் பற்றவைப்பு உறுதியாகப் பிடிக்கிறது. சித்த மருத்துவத்திலும் இந்தப் பெயர் உண்டு. வடமொழியில் இதற்கு டங்கணம் என்று பெயர். இயற்கையில் கிடைக்கும் போராக்ஸை ஆங்கிலத்தில் டிங்கால் என்பார்கள். அச்சொல் டங்கணத்திலிருந்து வந்தது. ஒரு காலத்தில் ஐரோப்பியப் பொற்கொல்லர்களுக்கு இப்பொருள் திபெத்தின் ஏரிக்கரைகளிலிருந்துதான் சென்றது. ஆடுகளின் முதுகில் சிறு மூட்டைகளாக ஏற்றி இமயமலைக் கணவாய்களைக் கடந்து கொண்டுவந்தார்கள்.

இன்று போரானின் பயன்கள் பல. ஆய்வகத்தில் உள்ள முகவை போரோசிலிகேட் கண்ணாடியால் ஆனது. சூடுபடும்போது அது மிகக் குறைவாகவே விரிவடைவதால் எளிதில் விரிசல் விடுவதில்லை. கேரம் பலகையில் தூவும் பொடிகள் சிலவற்றில் போரிக் அமிலம் உண்டு. பயிர்களுக்கும் போரான் மிகச் சிறிய அளவில் தேவை. நம் மாநிலத்தில் போரான் குறைபாடுள்ள தென்னைக்கு வெங்காரம் இடுமாறு வேளாண் துறையினர் பரிந்துரைக்கிறார்கள். நியூட்ரான்களை உறிஞ்சும் தன்மை கொண்டது என்பதால் அணு உலைகளின் கட்டுப்பாட்டுத் தண்டுகளிலும் போரான் சேர்மங்கள் இடம்பெறுகின்றன.

அரிய தனிமம் ஒரே இடத்தில் குவிவது எப்படி?

போரான் பூமியில் அரிதானது. கார்பன், ஆக்சிஜன் போன்ற தனிமங்கள் விண்மீன்களுக்குள் உருவாகின்றன. போரானோ விண்மீனின் வெப்பத்தில் சிதைந்துவிடும். விண்வெளியில் பாயும் காஸ்மிக் கதிர்கள் கனமான அணுக்களை மோதி உடைக்கும்போதுதான் அது உருவாகிறது. பூமியின் மேலோட்டில் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 10 பங்கு மட்டுமே போரான். கடல்நீரில் இதில் பாதியளவுகூட இல்லை. இவ்வளவு சிதறிக் கிடக்கும் தனிமம், வெட்டி எடுக்கும் அளவுக்கு ஓரிடத்தில் சேர மூன்று நிபந்தனைகள் நிறைவேற வேண்டும்.

முதல் நிபந்தனை, ஊற்று. போரான் அணு மிகச் சிறியது. பாறைகளில் பரவலாகக் காணப்படும் கனிமங்களின் கட்டமைப்பில் அது எளிதில் பொருந்துவதில்லை. பாறைக்குழம்பு குளிர்ந்து இறுகும்போது போரான் கடைசிவரை குழம்பிலும் வெந்நீரிலுமே தங்கிவிடுகிறது. புவித்தட்டுகள் மோதும் இடங்களில் கடலடிக் களிமண் படிவுகள் கீழே இழுத்துச் செல்லப்பட, அவற்றில் ஒட்டியிருந்த போரானும் எரிமலைகள் வழியாகவும் வெந்நீர் ஊற்றுகள் வழியாகவும் மேலே வருகிறது. ஆகவே, எரிமலைச் செயல்பாடு உள்ள பகுதி வேண்டும்.

இரண்டாம் நிபந்தனை, வெளியேற வழியில்லாத பள்ளம். போரான் சேர்மங்கள் நீரில் கரைபவை. ஆறு கடலைச் சென்று சேர்ந்தால் போரானும் கடலில் கலந்து சிதறிவிடும். நீர் உள்ளே வரலாம், வெளியே போகக்கூடாது. புவியியலில் இதை உள்நாட்டு வடிகால் என்கிறோம்.

மூன்றாம் நிபந்தனை, வறண்ட காலநிலை. ஏரிக்கு வரும் நீரைவிட ஆவியாகும் நீர் அதிகமாக இருக்க வேண்டும். அப்போதுதான் கரைசல் செறிந்து, தெவிட்டிய நிலையைத் தாண்டிப் படிகங்கள் உருவாகும்.

இம்மூன்றும் சேர்ந்தால் படிவு உருவாகும். அது அழியாமல் நிலைக்க இன்னொரு உதவியும் தேவைப்படும். நீரில் கரையும் கனிமம் மழையில் கரைந்துவிடாமல் இருக்க, அதன் மேல் களிமண் அடுக்கு மூடிக்கொள்ள வேண்டும்.

வற்றும் ஏரியில் ஒரு வரிசை

தூத்துக்குடி, வேதாரண்யம் உப்பளங்களைப் பார்த்த மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கடல்நீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குச் செல்லச் செல்லச் செறிவு கூடுகிறது. எளிதில் கரையாத ஜிப்சம் முன்னதாகவே படிந்துவிடுகிறது. பிறகுதான் சோறுப்பு விளைகிறது. எளிதில் கரையும் மக்னீசிய உப்புகள் கடைசியில் எஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. குறைவாகக் கரைவது முதலில் படியும், அதிகமாகக் கரைவது கடைசியில் படியும்.

போரேட் ஏரியிலும் இதே விதிதான். கால்சியம் போரேட்டுகள் குறைவாகக் கரைபவை, சோடியம் போரேட்டுகள் அதிகமாகக் கரைபவை. ஆகவே, பழைய ஏரிப் படிவு ஒன்றை மேலிருந்து பார்த்தால் வளையம் வளையமாகத் தெரியும். வெளிவிளிம்பில் கால்சியம் போரேட்டான கோல்மனைட். அதற்கு உள்ளே சோடியமும் கால்சியமும் சேர்ந்த யூலெக்சைட். நடுவில் சோடியம் போரேட்டான போராக்ஸ். கலிபோர்னியாவின் போரான் நகருக்கு அருகிலுள்ள படிவில் இந்த அமைப்பைத் தெளிவாகக் காணலாம்.

யூலெக்சைட்டுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. மெல்லிய இழைகள் இணையாக அடுக்கியதுபோல் அது வளரும். அதை இழைகளுக்குக் குறுக்காக வெட்டி மெருகேற்றி ஓர் எழுத்தின் மேல் வைத்தால், அந்த எழுத்து கல்லின் மேற்பரப்பிலேயே தெரியும். ஒளியிழை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இயற்கையே தரும் எடுத்துக்காட்டு இது.

டெத் வேலி என்ற மரணப் பள்ளத்தாக்கு

மூன்று நிபந்தனைகளையும் ஒரே இடத்தில் பார்க்க, கலிபோர்னியாவில் உள்ள டெத் வேலியை எடுத்துக்கொள்வோம். அதன் மிகத் தாழ்வான இடம் கடல் மட்டத்துக்குக் கீழே 86 மீட்டர். ஆண்டு மழை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர்தான். 1913 ஜூலை 10 அன்று இங்கு ஃபர்னஸ் கிரீக் பகுதியில் பதிவான 56.7 டிகிரி செல்சியஸ்தான் உலக வானிலை அமைப்பு ஏற்றுக்கொண்டுள்ள மிக உயர்ந்த காற்று வெப்பநிலை.

இங்கே போரேட் இரண்டு முறை படிந்திருக்கிறது. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியில் இருந்த ஏரிகளில் எரிமலைப் பகுதியின் போரான் சேர்ந்து படிந்தது. பின்னர் நிலம் உயர்ந்து மடிந்ததால் அந்த ஏரிப்படுகைகள் இன்று குன்றுகளாக நிற்கின்றன. குன்றுகளில் விழும் சிறு மழை போரேட்டைக் கரைத்துப் பள்ளத்தாக்கின் தரைக்குக் கொண்டுவருகிறது. அங்கே நிலத்தடி நீர் மண்ணின் நுண்துளைகள் வழியாக மேலேறி ஆவியாக, யூலெக்சைட் வெண்ணிறப் பஞ்சு உருண்டைகளாகத் தரையில் வளர்கிறது. அங்குள்ளவர்கள் இதைப் பருத்தி உருண்டை என்றே அழைத்தார்கள்.

1881இல் ஆரன் விண்டர்ஸ் என்பவர் இந்த உருண்டைகளைச் சோதித்துப் பார்த்தார். கந்தக அமிலமும் ஆல்கஹாலும் சேர்த்துக் கொளுத்தியபோது சுடர் பச்சையாக எரிந்தது. மேல்நிலை வேதியியலில் நாம் நடத்தும் அதே பச்சைச் சுடர்ச் சோதனைதான். தம் உரிமையை அவர் வில்லியம் கோல்மன் என்ற வணிகருக்கு 20,000 டாலருக்கு விற்றார். கோல்மனைட் என்ற கனிமப் பெயர் இந்தக் கோல்மனின் பெயரால் வந்தது. அவர் தொடங்கிய ஹார்மனி போராக்ஸ் ஆலை 1883 முதல் 1888 வரை இயங்கியது. முழுவீச்சில் இயங்கியபோது 40 பேர் வேலை செய்தார்கள். நாளொன்றுக்கு 3 டன் போராக்ஸ் கிடைத்தது.

கோடையில் நின்றுபோன ஆலை

ஹார்மனி ஆலையின் செய்முறை பத்தாம் வகுப்பு 'கரைசல்கள்' பாடத்துக்கு அப்படியே பொருந்தும். பருத்தி உருண்டைகளைக் கொதிநீரில் போட்டுச் சோடியம் கார்பனேட்டைச் சேர்த்தார்கள். கால்சியம், கார்பனேட்டுடன் சேர்ந்து சுண்ணாம்பாகச் சேற்றோடு அடியில் படிந்தது. சோடியமும் போரேட்டும் கரைசலில் தங்கின. தெளிந்த கரைசலை வேறு தொட்டிகளுக்கு மாற்றி, உள்ளே உலோகக் கம்பிகளைத் தொங்கவிட்டார்கள். கரைசல் குளிரக் குளிர, கம்பிகளில் போராக்ஸ் படிகங்கள் வளர்ந்தன.

இங்கேதான் சிக்கல் வந்தது. டெத் வேலியின் கோடையில் தொட்டி குளிரவே இல்லை. 100 கிராம் நீரில் 20 டிகிரி வெப்பநிலையில் ஏறத்தாழ 5 கிராம் போராக்ஸ்தான் கரையும். வெப்பநிலை கூடும்போது கரைதிறன் பல மடங்கு கூடுகிறது. கரைசல் சூடாகவே இருந்தால் போராக்ஸ் கரைசலிலேயே தங்கிவிடும், படிகமாகாது. ஆகவே, கோடை மாதங்களில் அங்கே வேலையை நிறுத்திவிட்டு, சற்றுக் குளிர்ச்சியான அமர்கோசா பகுதியில் இருந்த மற்றோர் ஆலையில் வேலை செய்தார்கள். ஏரியில் போரேட் சேர்வதற்கு உதவிய அதே வெப்பம், ஆலையில் அதைப் பிரித்தெடுக்கத் தடையாக நின்றது. ஆவியாதலால் படிகமாதல், குளிர்வித்தலால் படிகமாதல் என்னும் இரண்டின் வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

வண்டியில் சென்ற தண்ணீர்

ஆலையிலிருந்து மொஹாவி ரயில் நிலையம் 165 மைல், அதாவது ஏறத்தாழ 265 கிலோமீட்டர். ஒருவழிப் பயணத்துக்கு 10 நாள். 18 கோவேறு கழுதைகளையும் 2 குதிரைகளையும் ஒரே சங்கிலியில் பூட்டி, இரண்டு பெரிய வண்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இழுக்கச் செய்தார்கள். பின்சக்கரத்தின் உயரம் மட்டும் 2 மீட்டருக்கு மேல். ஒவ்வொரு வண்டியிலும் ஏறத்தாழ 9 டன் போராக்ஸ். கடைசியில் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் கொள்ளளவு 1,200 அமெரிக்க கேலன், அதாவது ஏறத்தாழ 4,500 லிட்டர்.

இனி மாணவர்களிடம் கணக்கைக் கொடுக்கலாம். சோடியம் 23, போரான் 11, ஆக்சிஜன் 16, ஹைட்ரஜன் 1 என்று வைத்துக்கொண்டால், நீரற்ற பகுதியின் நிறை 202. பத்து நீர் மூலக்கூறுகளின் நிறை 180. மொத்தம் 382. இதில் நீரின் பங்கு ஏறத்தாழ 47 விழுக்காடு. சரக்கு முழுவதும் தூய போராக்ஸ் என்று கொண்டால், 18 டன் சரக்கில் ஏறத்தாழ 8.5 டன் படிகமாதல் நீர்!

தொட்டியில் இருந்த நீர் 4.5 டன். படிகங்களுக்குள் பூட்டியிருந்த நீரோ 8.5 டன். குடிப்பதற்காகக் கொண்டுசென்ற நீரைவிட, யாரும் குடிக்க முடியாத நீரை ஏறத்தாழ இருமடங்கு அந்த விலங்குகள் பாலைவனத்தின் குறுக்கே இழுத்திருக்கின்றன. "அந்த நீரை முன்பே நீக்கியிருந்தால் என்ன?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நீக்க விறகு வேண்டும். பாலைவனத்தில் விறகு ஏது? இன்று தொழிற்சாலைகள் ஐந்து நீர் மூலக்கூறுகள் கொண்ட போராக்ஸையும் நீரற்ற போராக்ஸையும் தயாரித்து அனுப்புகின்றன. சரக்குக் கட்டணம் மிச்சமாவது அதற்கு ஒரு காரணம்.

கிணறு தோண்டியவருக்குக் கிடைத்தது

1913இல் மொஹாவி பாலைவனத்தில் ஜான் சக்கோ என்ற மருத்துவர் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளையிட்டார். கிடைத்தது கோல்மனைட். பிந்தைய ஆண்டுகளில் அருகே ஆழமாகத் துளையிட்டபோது, களிமண் அடுக்குகளுக்குக் கீழே பெரும் சோடியம் போரேட் படிவு இருப்பது தெரியவந்தது. ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே இருந்த, வெந்நீர் ஊற்றுகள் பாய்ந்த ஏரியின் எச்சம் அது. மேலே இருந்த களிமண் அதைக் கரையாமல் காத்திருக்கிறது.

அங்கே கெர்னைட் என்ற கனிமமும் கிடைத்தது. கெர்ன் மாவட்டத்தின் பெயரால் வந்த பெயர் அது. இதில் பத்துக்குப் பதில் நான்கு நீர் மூலக்கூறுகளே உண்டு. போராக்ஸ் படிவு ஆழத்தில் புதைந்து, வெப்பநிலை ஏறத்தாழ 60 டிகிரியை எட்டியபோது நீரை இழந்து கெர்னைட்டாக மாறியது. நீரேறிய மயில் துத்தத்தைச் சூடாக்கி நீரை நீக்கிக் காட்டுகிறோம் அல்லவா? அதே மாற்றத்தைப் பூமி லட்சக்கணக்கான ஆண்டுகளில் செய்திருக்கிறது.

1927இல் நிலத்தடிச் சுரங்கமாகத் தொடங்கிய இது, 1957இல் திறந்தவெளிச் சுரங்கமாக மாறியது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றுவதுபோல இங்கும் மேலடுக்கை அகற்றிக் கனிமத்தை எடுக்கிறார்கள். நொறுக்கிய தாதுவைச் சூடான நீரில் கரைத்து, சேற்றைப் படியவிட்டுப் பிரித்து, தெளிந்த கரைசலைக் குளிரவைத்துப் படிகமாக்குகிறார்கள். இயந்திரங்கள் மாறியிருக்கின்றன, ஹார்மனி ஆலையின் வேதியியல் மாறவில்லை.

மூன்று நிபந்தனைகளைச் சோதித்துப் பார்ப்போம்

ஊற்று, அடைபட்ட பள்ளம், வறட்சி என்ற மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கீழ்க்காணும் இடங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம்.

ராஜஸ்தானின் சாம்பார் ஏரி: பள்ளம் உண்டு, வறட்சி உண்டு. அருகில் இளம் எரிமலைகளோ அவற்றைச் சார்ந்த வெந்நீர் ஊற்றுகளோ இல்லை. ஆகவே, உப்பு விளைகிறது, போரேட் படிவு இல்லை. முதலில் கேட்ட தார்ப் பாலைவனக் கேள்விக்கு இதுவே விடை.

லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு: ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில் உள்ள குளிர்ப் பாலைவனம். புவித்தட்டுகள் மோதும் பகுதி, வெந்நீர் ஊற்றுகள் கொதிக்கின்றன. தரையில் போராக்ஸ் வெண்மையாகப் பூத்திருக்கிறது. பாலைவனம் என்றால் வெப்பம் அல்ல, வறட்சி என்பதை மாணவர்கள் இங்கே உணர்வார்கள். ஆயினும், வணிக அளவில் எடுக்கும் நிலை இல்லாததால் இந்தியாவின் தேவையை இறக்குமதிதான் நிறைவு செய்கிறது.

துருக்கி: உலகில் மிக அதிகமான போரேட் இருப்பு இங்குதான். எஸ்கிசெகிர் மாகாணத்தில் உள்ள கிர்க்கா படிவு புகழ்பெற்றது. அந்தப் பகுதி இன்று பாலைவனம் அல்லவே என்று மாணவர் கேட்டால் பாராட்டுங்கள். படிவு உருவான காலத்தில் அங்கே எரிமலைகளும், வறண்ட காலநிலையில் வற்றிய ஏரிகளும் இருந்தன. கனிமம் இன்றைய காலநிலையைச் சொல்வதில்லை, அது பிறந்த காலத்தின் காலநிலையைச் சொல்கிறது.

சிலி, பொலிவியா, அர்ஜென்டினா: ஆண்டிஸ் மலையின் எரிமலைகளுக்கு நடுவே உள்ள உப்புத் தரைகளில் யூலெக்சைட் கிடைக்கிறது. மூன்று நிபந்தனைகளும் அங்கே நிறைவேறுவதை மாணவர்களே நிலவரைபடத்தில் காட்டட்டும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

தொடக்க வகுப்புகளுக்கு (4, 5): இரண்டு தட்டுகளில் மண்ணைப் பரப்பிக் கொள்ளுங்கள். ஒன்றின் அடியில் துளை இருக்கட்டும், மற்றொன்றில் வேண்டாம். இரண்டிலும் ஒரே அளவு உப்புநீரை ஊற்றி வெயிலில் வையுங்கள். துளையில்லாத தட்டில் சில நாட்களில் வெண்மையான உப்பு அதிகமாகப் படியும். "மற்றதன் உப்பு எங்கே போயிற்று?" என்று கேளுங்கள். அடைபட்ட பள்ளம் என்ற கருத்தைக் குழந்தைகள் தாங்களே சொல்லிவிடுவார்கள்.

நடுநிலை வகுப்புகளுக்கு (6 முதல் 8): படிகாரத்தைச் சூடான நீரில் தெவிட்டும்வரை கரைத்து இரண்டு குவளைகளில் ஊற்றி, நூலைத் தொங்கவிடுங்கள். ஒன்றைக் குளிர்ந்த நீரில் வைத்து ஆறவிடுங்கள். மற்றொன்றை வெந்நீர்ப் பாத்திரத்திலேயே வையுங்கள். வகுப்பு முடிவதற்குள் எதில் படிகம் தோன்றுகிறது? இதன் பிறகு ஹார்மனி ஆலை கோடையில் ஏன் நின்றது என்பதை எழுதச் சொல்லுங்கள். இச்செயல்பாட்டுக்கு வெங்காரம் வேண்டாம், படிகாரமே போதும்.

உயர்நிலை வகுப்புகளுக்கு (9, 10): வண்டிக் கணக்கை மாணவர்கள் குழுவாகச் செய்யட்டும். அதே கணக்கைக் கெர்னைட்டுக்கும் செய்தால் நீரின் பங்கு ஏறத்தாழ 26 விழுக்காடு என்று வரும். அதே வண்டிகளில் கெர்னைட் சென்றிருந்தால் எவ்வளவு நீர் குறைந்திருக்கும் என்பது அடுத்த கேள்வி.

மேல்நிலை வகுப்புகளுக்கு: பச்சைச் சுடரை ஆசிரியர் மட்டுமே செய்து காட்ட வேண்டும். நிக்ரோம் கம்பி வளையத்தை நனைத்துச் சிறிதளவு போரிக் அமிலத்தில் தொட்டு நீலச் சுடரில் காட்டினாலே பச்சை நிறம் தெரியும். ஆல்கஹாலை ஊற்றிக் கொளுத்துவதைத் தவிர்க்கலாம். எரியும் தட்டில் மீண்டும் ஆல்கஹாலை ஊற்றுவது மிகவும் ஆபத்தானது.

பாதுகாப்புக் குறிப்பு: வெங்காரமும் போரிக் அமிலமும் உண்ணத்தக்கவை அல்ல. உணவில் சேர்க்க அவற்றுக்கு அனுமதி இல்லை. அப்பளக்காரம் வேறு, வெங்காரம் வேறு என்பதை மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். வெங்காரம் கலந்து பிசையும் 'ஸ்லைம்' விளையாட்டுப் பொருளைச் சிறு குழந்தைகளிடம் கொடுக்க வேண்டாம்.

வேதியியலோடு முடியாத கேள்விகள்

சுரங்கத்தைப் பற்றிய பாடத்தில் மனிதர்களும் இருக்க வேண்டும். டெத் வேலியின் வண்டிகள் புகழ்பெற்றவை. இருபது கோவேறு கழுதைகளின் படம் போராக்ஸ் பெட்டியின் வணிகச் சின்னமாகவே ஆயிற்று. வெயிலில் குனிந்து பருத்தி உருண்டைகளை வாரிச் சேர்த்தவர்கள் சீனத் தொழிலாளர்கள். ஆலை தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1882இல்தான், சீனத் தொழிலாளர்கள் புதிதாக நாட்டுக்குள் வருவதைத் தடுக்கும் சட்டத்தை அமெரிக்கா இயற்றியது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் வேண்டாம் என்ற நிலை. பெட்டியின் மேல் கழுதைகளுக்குக் கிடைத்த இடம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. "இந்தப் பெட்டியின் படத்தை நீங்கள் வரைந்தால் யாரை வரைவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

இன்றைய கேள்வி ஒன்றும் இருக்கிறது. நெவாடா மாநிலத்தில் ரியோலைட் ரிட்ஜ் என்ற இடத்தில் லித்தியமும் போரானும் சேர்ந்த படிவு உள்ளது. மின்வாகன மின்கலங்களுக்கு லித்தியம் தேவை. அதே மண்ணில் 'டீம்ஸ் பக்வீட்' என்ற சிறு செடி வளர்கிறது. உலகில் வேறு எங்கும் அது இயற்கையாக வளர்வதாகத் தெரியவில்லை. 2022 டிசம்பரில் அமெரிக்க அரசு அதை அழியும் நிலையிலுள்ள இனமாக அறிவித்தது. 2024 அக்டோபரில் சுரங்கத்துக்கும் ஒப்புதல் அளித்தது. புகையில்லா வாகனம் சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஓர் உயிரினம் அழியாமல் இருப்பதும் நல்லது. இரண்டு நன்மைகள் மோதும்போது எப்படி முடிவெடுப்பது? இதற்கு ஆசிரியர் விடை சொல்ல வேண்டியதில்லை. இரு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியும் எதிரணியின் வாதத்தை முதலில் தம் சொற்களில் எடுத்துச் சொன்ன பிறகே தம் வாதத்தைத் தொடங்க வேண்டும் என்ற ஒரே விதியோடு விவாதத்தை நடத்தினால் போதும்.

மதிப்பீடு

"போராக்ஸ் கிடைக்கும் நாடுகளைப் பட்டியலிடுக" என்ற கேள்விக்குப் பதிலாக இதைக் கேட்கலாம்: ஒரு கற்பனைத் தீவின் வரைபடம் தருகிறோம். அதில் எரிமலைகள், ஆறுகள், மழை மறைவுப் பகுதி, ஏரிகள் குறிக்கப்பட்டுள்ளன. ஓர் ஏரியின் நீர் ஆறாகக் கடலுக்குப் போகிறது. ஓர் ஏரி எரிமலைக்கு அருகில், மழை மறைவுப் பகுதியில், வெளியேறும் ஆறின்றி உள்ளது. மூன்றாவது ஏரியும் வறண்ட பகுதியில் அடைபட்டே இருக்கிறது, ஆனால் எரிமலைகளிலிருந்து வெகுதொலைவில். போரேட்டைத் தேடி எந்த ஏரியில் முதலில் துளையிடுவீர்கள்? மற்ற இரண்டை ஏன் விட்டுவிடுவீர்கள்?

சரியான ஏரியைக் காட்டுவதற்கு ஒரு மதிப்பெண் போதும். மற்ற இரண்டையும் விலக்கியதற்கான காரணங்களுக்கு நான்கு மதிப்பெண்கள் கொடுங்கள்.